.22 ரைஃபிள் பேரல்: 4,000 ரவுண்டு தொடாமல் விட்டுட்டேன், இப்போ என்ன செய்ய?

ஐம்பதுமீட்டர்_அருள் (கோவை) | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா கிளப்பில் 50 மீட்டர் புரோன் (படுத்துச் சுடறது) சுடறேன். கையில் இருப்பது ஜெர்மன் தயாரிப்பு .22 எல்.ஆர். மேட்ச் ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷன். வெளியூர் போன ஒரு சீனியரிடமிருந்து லைசென்ஸில் முறைப்படி மாற்றி வாங்கினது.

பிரச்சினை இதுதான். மணல் மூட்டை மேல் வெச்சு பத்து ரவுண்டு சுட்டா, ஓட்டை நடுவிலிருந்து ஓட்டை நடுவுக்கு அளந்து 13, 14 மி.மீ. வரும். ரெண்டு மாசமா அது 24, 27-னு விரிஞ்சுடுச்சு. அதுவும் எல்லாம் ஒரே மாதிரி விரியல. எட்டு ரவுண்டு ஒழுங்கா ஒரே இடத்தில் போகுது, மீதி ரெண்டு காரணமே இல்லாம இடது மேல்பக்கம் ஓடுது. 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து வளையமே 10.4 மி.மீ. விட்டம்தான். ஒரு மேட்சில் எத்தனை பாயிண்ட் போகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

வாங்கினதிலிருந்து 4,000 ரவுண்டுக்கு மேல் சுட்டிருக்கேன். பேரலை ஒருமுறை கூட சுத்தம் பண்ணல. ".22-வில் கை வைக்காதே, கெட்டுடும்"னு கிளப்பில் பாதி பேர் சொன்னாங்க, நம்பிட்டேன். போன மாசம் பயம் வந்து, அங்கே கிடந்த மூணு துண்டு ஸ்டீல் ராடை மாட்டி, துணி சுத்தி, முன்வாய் வழியா விட்டு பத்து நிமிஷம் தேய்ச்சேன். அதுக்கப்புறம் இன்னும் மோசமான மாதிரி தெரியுது. பேரலைக் கெடுத்துட்டேனோனு ராத்திரி தூக்கம் வரல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹவில்தார்_வேலூர் | ஞாயிறு இரவு

தம்பி, 24 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் சொல்றேன். சுட்ட ஆயுதத்தைச் சுத்தம் பண்ணாம கோத்துக்குள்ள (ஆயுத அறை) வைக்கக் கூடாது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது இது. புல்த்ரூ (துணி மாட்டி பேரலுக்குள்ள இழுக்கிற கயிறு), 4-க்கு 2 இஞ்ச் துணித்துண்டு, எண்ணெய் பாட்டில், இந்த மூணும் ரைஃபிளோட கூடப் பிறந்தது. பழைய .303 ரைஃபிளில் கட்டைக்குள்ளேயே பித்தளை மூடி வெச்ச ஓட்டை இருக்கும், புல்த்ரூவும் எண்ணெய் பாட்டிலும் அதில்தான் குடியிருக்கும். உலர் துணி ரெண்டு தடவை, எண்ணெய்த் துணி ஒரு தடவை. எண்ணெய்த் துணியை 4-க்கு ஒன்றரை இஞ்ச்னு கொஞ்சம் சின்னதா வெட்டணும், இல்லைன்னா எண்ணெய் எல்லாம் பிழிஞ்சு வெளியே வந்துடும்.

நாங்க SLR-ல் (பட்டாளத்து ரைஃபிள்) சுட்டு வந்தா மூணு நாள் விடாம துணி போடுவோம். முதல் நாள் வெள்ளையா வந்த துணி மறுநாள் மறுபடி கறுப்பா வரும். இரும்பு உள்ளே இருக்கிறதைக் கக்கும்னு சொல்வாங்க.

4,000 ரவுண்டு ஒரு துணி கூடப் போடாம விட்டது தப்பு. கோவிச்சுக்காதீங்க.

புதுச்சுடுநர்_திருச்சி | ஞாயிறு இரவு

ஹவில்தார் ஐயா மேல மரியாதையோடதான் சொல்றேன், பட்டாளத்துக் கணக்கு .22-க்கு வராது. இது மேல்பூச்சு இல்லாத ஈயக்குண்டு, வெளியே மெழுகு தடவினது. வேகம் நொடிக்கு 330 மீட்டர்கிட்டதான். அந்த மெழுகு பேரலுக்குள்ள ஒரு படலமா உட்காரும், குண்டு அதன் மேல்தான் வழுக்கிப் போகும். சுத்தம் பண்ணினா படலம் போயிடும், மறுபடி பத்து இருபது ரவுண்டு சுட்டாதான் குரூப் (ஓட்டைகள் ஒரே இடத்தில் சேர்றது) உட்காரும். நான் 6,000 சுட்டுட்டேன், தொடவே இல்லை, நல்லாத்தான் போகுது.

சிறுவாணி_லேத் | திங்கள் காலை

நான் சுடுறவன் இல்லை. தம்பி மகன் சுடுறான், அவனுக்காக இந்தப் பக்கம் வந்து படிக்கிறேன். 30 வருஷமா லேத் வேலை. துளைபோட்ட குழாய்க்குள்ள என்ன நடக்கும்னு கொஞ்சம் தெரியும், அதனால் எழுதறேன்.

மேலே ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா ரெண்டு பேரும் வேற வேற அழுக்கைப் பத்திப் பேசறீங்க. அழுக்கு என்னன்னு தெரியாம மருந்து சொல்ல முடியாது.

ஐயா சொன்ன பழைய .303 ரவுண்டில் பிரைமர் (ஊசி அடிச்சதும் முதலில் பற்றிக்கிறது) மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடிச்சா பொட்டாசியம் குளோரைடு ஆகும். அதாவது ஒரு வகை உப்பு. உப்பு காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், ஒரே ராத்திரியில் துரு ஆரம்பிச்சுடும். எண்ணெய் எவ்வளவு போட்டாலும் உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணியில்தான் கரையும். அதுக்குத்தான் அந்தக் காலத்தில் புனல் வெச்சு பேரலுக்குள்ள கொதிதண்ணி ஊத்தினாங்க. கொதிதண்ணினா இரும்பே சூடாகி, மிச்ச ஈரம் தானா காய்ஞ்சும் போகும். அன்னைக்கு ராத்திரியே சுத்தம் பண்ணணுங்கிற கட்டாயம் அங்கிருந்து வந்தது. இன்னைக்கு மேட்ச் .22 ரவுண்டில் அந்த உப்பு கிடையாது. அந்த அவசரமும் கிடையாது.

ஆனா .22-வில் வேற மூணு விஷயம் சேரும். ஒண்ணு மெழுகு, அது நல்லது. ரெண்டாவது ஈயம், வரிப்பள்ளத்தின் (குண்டைச் சுழல வைக்க பேரலுக்குள்ள வெட்டின சுருள் பள்ளம்) ஓரத்தில் செதில் செதிலா ஒட்டும். மூணாவதுதான் கெட்டது: எரிஞ்ச மருந்துக் கரி, மெழுகு, பிரைமர் தூள் எல்லாம் கலந்து சேம்பர் (ரவுண்டு உட்கார்ற இடம்) முடிஞ்சு வரி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வளையமா இறுகும். .22 மாதிரி ரிம்ஃபயர் (ஊசி ரவுண்டின் விளிம்பில் அடிக்கிற வகை) பிரைமரில் உராய்வுக்காக நைசாப் பொடிச்ச கண்ணாடி கலக்கிறது பல கம்பெனிகளோட வழக்கம். அந்தப் பொடியும் சேர்ந்து இறுகினா சாதாரணத் துணிக்கு அசையாது. லேத்தில் கார்பைடு டிப்பில் ஒட்டற கட்டி மாதிரி கெட்டியா நிக்கும். குண்டு பேரலுக்குள்ள நுழையற முதல் அடியிலேயே அந்த மேட்டில் ஏறி, கொஞ்சம் சப்பி, கோணலாப் போகும். எட்டு ஒழுங்கு, ரெண்டு ஓட்டம்னு அருள் சொல்றது எனக்கு இந்த வளையம் மாதிரிதான் தெரியுது.

இதைவிட எனக்குக் கவலை, முன்வாய் வழியா விட்ட ஸ்டீல் ராடு. பேரலில் குண்டைக் கடைசியாத் தொடற இடம் முன்வாயின் உள்விளிம்பு. குண்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து வர்ற காத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தப்பிக்கணும். விளிம்பில் ஒரு பக்கம் மழுங்கினா அந்தப் பக்கம் காத்து முந்தி, குண்டின் வாலைத் தள்ளிவிடும். மூணு துண்டு ராடில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு படி இருக்கும், நடுவில் வில்லா வளையும். அது விளிம்பை அரம் மாதிரி அராவும்.

ராத்திரி தூங்காம இருக்கிறதைவிட இதைப் பாருங்க. போல்ட்டைக் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடற பாகம்) கழட்டுங்க, சேம்பர் காலினு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. காது குடையற பஞ்சுக்குச்சியை முன்வாய்க்குள்ள அரை செ.மீ. விட்டு, விளிம்பில் சாய்ச்சு, மெதுவா ஒரு சுத்து வெளிப்பக்கமா இழுங்க. எங்கேயாவது பிசிறு இருந்தா பஞ்சு நூல் நூலாச் சிக்கும். கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க கண்ணில் வெக்கிற லென்ஸ் கிடைச்சா, வெளிச்சத்தில் விளிம்பைச் சுத்திப் பாருங்க. வெள்ளிக் கோடு மாதிரி வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமா இருக்கணும்.

ஹவில்தார்_வேலூர் | திங்கள் மதியம்

லேத் ஐயா, கொதிதண்ணி ஊத்தினதைப் பழைய ஆளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நன்றி.

முன்வாய் விஷயத்தில் ஒண்ணு சேர்க்கிறேன். புல்த்ரூ கயிறே போதும் பேரலைக் கெடுக்க. நேரா இழுக்காம ஒரு பக்கமாச் சாய்ச்சு இழுத்தா, மண்ணு ஒட்டின கயிறு முன்வாயில் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிடும். பழைய டிரில் ரைஃபிள்களில் நானே பார்த்திருக்கேன். கிணத்துக் கல்லில் கயிறு வெட்டின பள்ளம் பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி. அதான் ஒருத்தன் ரைஃபிளைப் பிடிச்சுக்க, இன்னொருத்தன் நேர்கோட்டில் ஒரே மூச்சில் இழுக்கணும்னு சொல்வாங்க. பாதியில் நிறுத்தவும் கூடாது. புல்த்ரூவில் மூணாவது வளையம் எதுக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? துணி உள்ளே சிக்கினா பின்பக்கமா உருவி எடுக்க.

கோச்_மீரா (சென்னை) | திங்கள் மாலை

அருள், பேரலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி. என் பசங்களுக்கும் இதே வரிசைதான்.

ரவுண்டு லாட் (ஒரே தடவையில் தயாரிச்ச தொகுதி) மாத்தினீங்களா? அதே பிராண்ட், அதே பெட்டி நிறமா இருந்தாலும் லாட் எண் மாறினா குரூப் மாறும். வேற பிராண்டுக்குப் போனா அந்த மெழுகு இந்தப் படலத்தோட சேர்ற வரைக்கும் கொஞ்ச ரவுண்டு ஆகும்.

கட்டையோட இணைக்கிற ஆக்‌ஷன் போல்ட் ரெண்டும் டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவு காட்டற ஸ்பேனர்) பார்த்தீங்களா? சும்மா கையால் முறுக்கிட்டு "டைட்டாத்தான் இருக்கு"னு சொல்லக் கூடாது.

சைட் ஆடுதா?

உங்க ரைஃபிளை வேற ஒருத்தர் சுட்டாலும் அதே ரெண்டு ரவுண்டு ஓடுதா?

நாலுக்கும் பதில் வந்தப்புறம்தான் பேரல். போன வருஷம் ஒரு பொண்ணு மூணு வாரம் பேரலைத் தேய்ச்சா, கடைசியில் பின்பக்க ஆக்‌ஷன் போல்ட் அரைச்சுத்து லூஸ்.

திருச்சித் தம்பி, 6,000 ரவுண்டு நல்லாப் போகுதுன்னா சந்தோஷம். எந்த அளவில் நல்லாப் போகுதுன்னு ஸ்கேலில் அளந்து எழுதி வெச்சிருக்கீங்களா? இதைக் குத்திக்காட்டக் கேக்கல. குரூப் ஒரே நாளில் விரியாது, தினம் அரை மில்லிமீட்டர் விரிஞ்சா கண்ணுக்குத் தெரியாது. நம்ம கைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நல்ல பொசிஷனை மாத்திக்கிற பசங்களைப் பார்த்திருக்கேன். மனசு வலிக்கும்.

ஐம்பதுமீட்டர்_அருள் (கோவை) | செவ்வாய் இரவு

மீரா அக்கா, லாட் அதேதான், ஒரே பெட்டியிலிருந்து. போல்ட் ரெண்டும் கிளப் டார்க் ரெஞ்சில் பார்த்தேன், சரி. சைட் ஆடல. சீனியர் ஒருத்தர் இருபது சுட்டார், அவருக்கு நாலு ஓடுச்சு. அதனால் நான் இல்லை. இதை எழுதும்போதே பாதி பாரம் குறையுது.

லேத் அண்ணா, பஞ்சுக்குச்சி சோதனை பண்ணேன். ஆறு குச்சி. எதிலயும் நூல் சிக்கல. லென்ஸில் பார்த்தப்ப முன்வாய்க்குள்ள ஒரு பக்கம் லேசா மினுமினுப்பு, தேய்ச்ச தடம் மாதிரி, ஆனா விளிம்புக் கோடு உடையல. போட்டோ போட்டிருக்கேன்.

சிறுவாணி_லேத் | செவ்வாய் இரவு

போட்டோ பார்த்தேன். விளிம்பு நல்லா இருக்கு. அந்த மினுமினுப்பு உள்ளே இருந்த கரியைத் தேய்ச்சு எடுத்த தடம்தான். பத்து நிமிஷத்தோட நிறுத்தினீங்களே, அது நல்லதாப் போச்சு.

ஒருவேளை விளிம்பு கெட்டிருந்தாலும் யாராவது லேத் பட்டறையில் கொடுத்துச் சீவிடாதீங்க. எவ்வளவு நல்ல கை இருந்தாலும் நான் தொட மாட்டேன். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேணும். அந்த லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம்தான் போகணும்.

அடுத்து சேம்பர் முன்னாடி வளையம் இருக்கான்னு பார்க்கணும். செல்போனில் மாட்டற எண்டோஸ்கோப் கேமரா விக்கிறாங்களே, அதில் 5.5 மி.மீ. தலை உள்ளதை வாங்கிடாதீங்க. .22 பேரலின் உள்விட்டம் வரிமேட்டில் 5.5-தான், நுழையாது, நுழைஞ்சா சிக்கும். 4 மி.மீ.க்குக் குறைவான தலை, பக்கவாட்டில் பார்க்கிற கண்ணாடி உள்ளது வேணும்.

ஒண்டாரியோ_ரஞ்சன் | புதன் காலை

வணக்கம் அண்ணைமார், அக்கா. நான் கனடாவில இருந்து எழுதுறன். கார்த்திகை மாசத்தில மான் வேட்டைக்குப் போறனான், என்ட ரைபிள் .308. உங்கட .22 கதையை வாசிக்க, எனக்கு நடந்ததும் சொல்லோணும் போல இருந்தது.

எங்களுக்குப் பிரச்சினை ஈயம் இல்லை, செம்பு. குண்டுக்கு மேல செம்புக் கலவைச் சட்டை போட்டிருக்கும், அது வரியில உரஞ்சி ஒட்டும். அமோனியா உள்ள சால்வெண்ட் (அழுக்கைக் கரைக்கிற மருந்து) போட்டா செம்பு கரைஞ்சு துணி நீலமா வரும். முதல் வருசம் நான் துணி நீலமா வருது, நீலமா வருதெண்டு ஒரு முழுச் சனிக்கிழமையும் தேய்ச்சனான். நாப்பது துணி. கடைசி வரைக்கும் நீலம் நிக்கேல்லை. பிறகுதான் ஒரு கிழவர் வந்து பார்த்திட்டுச் சொன்னார், ராட் முனையில துணி மாட்டுற ஜாக் பித்தளை, அமோனியா அந்தப் பித்தளையில இருக்கிற செம்பைக் கரைக்குது எண்டு. பேரல் எப்பவோ சுத்தம். நிக்கல் பூசினதோ, பிளாஸ்டிக்கோ வாங்கிப் போட்டன், மூண்டாவது துணி வெள்ளை.

அமோனியா மருந்தைப் போத்தலில எழுதியிருக்கிற நேரத்துக்கு மேல உள்ளுக்க விடாதேங்கோ. யன்னலைத் திறந்து வச்சுச் செய்யுங்கோ, மூக்கு எரியும்.

இன்னொண்டு. இஞ்ச வெளியில மைனஸ் பத்து, வீட்டுக்குள்ள இருபது. ரைபிளைக் காட்டில இருந்து நேரா வீட்டுக்குள்ள கொண்டு வந்து பையால எடுத்தா, கண்ணாடிக் கிளாசில ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரி வெளியிலயும் பேரலுக்குள்ளயும் வேர்க்கும். நான் பையைத் திறக்காம ரெண்டு மூண்டு மணித்தியாலம் விட்டிட்டுத்தான் எடுக்கிறனான்.

கோச்_மீரா (சென்னை) | புதன் மாலை

ரஞ்சன், நீங்க சொன்ன வேர்வை எங்களுக்கும் உண்டு, தலைகீழா. ஏ.சி. காரில் ஜில்லுனு வந்த ரைஃபிளை ஏப்ரல் மாசச் சென்னைப் புழுக்கத்தில் பெட்டியைத் திறந்தா பத்து நொடியில் பேரல் மேல் பனி படியும். உள்ளேயும் படியும், அது நமக்குத் தெரியாது. பெட்டியை மூடியபடி ரேஞ்சில் அரைமணி வைக்கச் சொல்வேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு கொடுமை நடக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். ஒரு பையன் மழை லீவில் பத்து நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. வந்து திறந்தப்ப ஸ்பாஞ்ச் தொட்ட இடமெல்லாம் மஞ்சள் தூவின மாதிரி துரு. அந்தப் பேரலைப் பார்த்து அவன் அழுதது இன்னும் கண்ணில் நிக்குது. பெட்டி பயணத்துக்குத்தான். வீட்டில் லைசென்ஸ்காரங்க வெக்கிற பூட்டின இரும்பு அலமாரிதான் இடம். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்க. நீல மணி ரோஸ் ஆனா ஈரம் குடிச்சாச்சுன்னு அர்த்தம், சூடு காட்டினா மறுபடி நீலமாகும்.

புதுச்சுடுநர்_திருச்சி | புதன் இரவு

எண்ணெய் பத்தி ஒரு சந்தேகம். வீட்டில் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஒரு டப்பா WD-40 இருக்கு. எது போடலாம்? எங்க கிளப்பில் ஒருத்தர் மண்ணெண்ணெய்தான் பெஸ்ட்னு சொல்றார்.



சிறுவாணி_லேத் | புதன் இரவு

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் காத்துப் பட்டா நாளாக நாளாகப் பிசின் ஆகும். தாளிக்கிற வாணலி வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு மஞ்சள் பிசுக்கு, அது போல்ட்டுக்குள்ள வந்தா ரவுண்டைத் தட்டற ஊசியோட அடி மெதுவாகும்.

மண்ணெண்ணெய் கரியை ஊறவைக்கும், உண்மை. ஆனா ஆவியானப்புறம் எந்தக் காப்பும் மிஞ்சாது. அந்த ஸ்பிரே டப்பா ஈரத்தை விரட்டறதுக்காக வந்தது. மழையில் நனைஞ்ச ரைஃபிளுக்கு உடனடி உதவிக்கு நல்லது, மூணு மாசம் பூட்டி வைக்க அதை மட்டும் நம்பக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசான தாது எண்ணெய், வாரக்கணக்குக்குப் போதும். கிடைச்சா துப்பாக்கி எண்ணெய் வாங்கிடுங்க. ஒரு சின்ன பாட்டில் வருஷக்கணக்கில் வரும், ஏன்னா ரெண்டு சொட்டுதான் வேணும்.

ஹவில்தார்_வேலூர் | வியாழன் காலை

எண்ணெய் போட்டவங்க சுடறதுக்கு முன்னாடி உலர் துணி விட்டு எண்ணெயை எடுத்தே ஆகணும். இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. எண்ணெய் தேங்கின பேரலில் சுட்டா அழுத்தம் ஏறும். துணித்துண்டு உள்ளே மறந்து போய்ச் சுட்டா பேரல் உள்ளேயே மோதிரம் மாதிரி உப்பிடும், அப்புறம் அது இரும்புக் கடைக்குத்தான். முதல் ரவுண்டுக்கு முன்னாடி பின்பக்கமிருந்து வெளிச்சம் பார்க்கிற பழக்கம் வேணும். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் பாருங்க.

கோச்_மீரா (சென்னை) | வியாழன் மதியம்

ஏர் ரைஃபிள் சுடுற பிள்ளைகளும் இதைப் படிக்கிறாங்க, அதனால் சொல்றேன்: மேலே சொன்ன சால்வெண்ட், எண்ணெய் எதையும் உங்க 4.5 மி.மீ. பேரலில் ஊத்தாதீங்க. அங்கே மருந்து எரியறதே இல்லை, கரியும் இல்லை. ஃபெல்ட் பெல்லட் ரெண்டு மூணு விட்டா போதும். உயர் அழுத்தக் காத்து இருக்கிற இடத்தில் சாதாரண எண்ணெய் போனா பற்றிக்கும் ஆபத்து இருக்கு. ரப்பர் சீலும் கெடும்.

அப்புறம் கை. .22 சுத்தம் பண்ணும்போது வர்ற கறுப்பில் ஈயம் இருக்கு, பிரைமரிலும் ஈயச் சேர்மம். கிளவுஸ் போடுங்க. முடிச்சதும் பச்சைத் தண்ணியில் சோப்பு போட்டுக் கழுவுங்க. துணியைச் சமையலறைக் குப்பையில் போடாதீங்க, அந்த மேஜையில் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம்.

ஐம்பதுமீட்டர்_அருள் (கோவை) | ஞாயிறு இரவு

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். நடந்ததை விடாம எழுதறேன், இதே பிரச்சினையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

கிளப் சீனியர் ஒருத்தரிடம் 3.9 மி.மீ. கேமரா கிடைச்சுது. சேம்பரிலிருந்து உள்ளே விட்டோம். லேத் அண்ணா சொன்ன அதே இடம். வரி ஆரம்பிக்கிற இடத்தில் கறுப்பா ஒரு வளையம், ரோட்டில் உருகின தார் இறுகின மாதிரி பளபளனு. கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கிற பக்கம், இன்னும் தடிமன். அதுக்கு முன்னாடி நாலு விரல் தூரத்துக்கு வரிமேட்டின் ஓரத்தில் சாம்பல் நிற ஈயச் செதில்.

இந்தத் தடவை அவசரப்படல. ஒரே துண்டான, பிளாஸ்டிக் பூச்சு உள்ள ராடைக் கடன் வாங்கினேன். கைப்பிடியில் பேரிங் இருக்கு. அது ஏன் முக்கியம்னு தள்ளும்போதுதான் தெரிஞ்சுது. ஏறக்குறைய 40 செ.மீ.க்கு ஒரு சுத்து வரி திரும்புது, துணியும் ராடும் அதோட சேர்ந்து திரும்பினாத்தான் பள்ளத்துக்குள்ள போய்த் துடைக்கும். போல்ட்டைக் கழட்டி, அந்த இடத்தில் போர் கைடு மாட்டினேன், ராடு நடுவிலேயே போகும். ரைஃபிளை முன்வாய் கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி வெச்சேன், மருந்து டிரிக்கர் பக்கம் வழியாம இருக்க.

முதல் ஈரத்துணி கண்மை மாதிரி வெளியே வந்தது. ரெண்டாவதும் அதே. மூணாவதில் கறுப்புக்கு நடுவில் வெள்ளி மினுக்கு, ஈயம். துணி முன்வாயைத் தாண்டினதும் கழட்டிட்டு, வெறும் ராடைத்தான் பின்னால் இழுத்தேன், அழுக்கை மறுபடி உள்ளே கொண்டுபோக வேண்டாம்னு. அப்புறம் கரி கரைக்கிற மருந்தைப் பழைய நைலான் பிரஷில் துணி சுத்தி நனைச்சு, வளையம் இருக்கிற இடத்தில் வெச்சு, கால்மணி நேரம் ஊறவிட்டு, கையால் மெதுவாச் சுத்தினேன். கேமராவில் பார்த்தா பாதி போயிருந்தது. மறுபடி ஊறல், மறுபடி சுத்தல். நாலாவது முறை ஆறு மணிப் பக்கத்திலும் இரும்பு தெரிஞ்சுது. வெண்கலப் பிரஷ் பெட்டியிலேயே இருந்துச்சு, தேவைப்படல.

இன்னைக்குக் காலையில் ரேஞ்ச். அதே லாட். முதல் அஞ்சு ரவுண்டு கண்ட இடத்துக்குப் போச்சு, திருச்சி நண்பர் சொன்னது அப்படியே உண்மை. பதினஞ்சு தாண்டினதும் உட்கார ஆரம்பிச்சுது. இருபதுக்கு அப்புறம் பத்து பத்தா மூணு குரூப் சுட்டேன்: 14, 13, 15 மி.மீ. ஒரு ரவுண்டு கூட இடது மேலே ஓடல. மூணாவது டார்கெட்டை ஸ்கோப்பில் பார்த்துட்டு எழுந்து நின்னுட்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாச்சு. தேதி, சுட்ட ரவுண்டு, குரூப் அளவு, சுத்தம் செஞ்சதா இல்லையா. தினமும் சேம்பரை மட்டும் ஒரு துணியால் துடைக்கப் போறேன். 500 ரவுண்டு ஆனதும் கேமரா விட்டுப் பார்ப்பேன், வளையம் கட்ட ஆரம்பிச்சிருந்தா அந்த இடத்தை மட்டும் கவனிப்பேன்.

ஹவில்தார்_வேலூர் | ஞாயிறு இரவு

தம்பி, 14, 13, 15 படிச்சதும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம்.

முதல் நாள் "தப்பு"ன்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டேன். .22-க்கு என் கணக்கு அப்படியே பொருந்தாதுன்னு இப்ப ஒத்துக்கறேன். வெளிச்சம் பார்க்கிறதை மட்டும் விட்டுடாதீங்க.

புதுச்சுடுநர்_திருச்சி | ஞாயிறு இரவு

நேத்து நானும் அளந்தேன் மீரா அக்கா. போன வருஷ டார்கெட் ஒண்ணு பீரோவில் இருந்துச்சு, அதில் 15 மி.மீ. நேத்து சுட்டதில் 21. ஆறு மில்லிமீட்டர் போனது எனக்குத் தெரியவே இல்லை. அருள் அண்ணா, அந்த கேமராவை ஒரு ஞாயிறு திருச்சிக்குக் கொண்டு வர முடியுமா? பஸ் செலவு நான் தர்றேன்.

ஒண்டாரியோ_ரஞ்சன் | திங்கள் காலை

அருள், வாழ்த்துக்கள். லேத் அண்ணை, ஒரு உதவி. என்ட மகனுக்கு ஒரு செமி ஆட்டோ .22 இருக்கு, ருகர் 10/22. பின்பக்கம் மூடின பெட்டி, ராட் போக வழி இல்லை. முன்வாயாலதான் விடோணும். விளிம்பு தேயாம என்ன செய்யலாம்?

சிறுவாணி_லேத் | திங்கள் காலை

சேம்பர் பக்கமிருந்து விட்டு முன்பக்கமா இழுக்கிற, வளையற, பிளாஸ்டிக் பூச்சு போட்ட கேபிள் புல்த்ரூ கிடைக்கும், அதுதான் முதல் வழி. நேரா இழுக்கணும், ஹவில்தார் ஐயா சொன்ன கிணத்துக் கல் ஞாபகம் இருக்கட்டும். ராடுதான் வேணும்னா முன்வாயில் தொப்பி மாதிரி உட்கார்ற ஒரு பித்தளை புஷ் போதும், நடுவில் ராடு அளவுக்கு ஓட்டை. ராடு புஷ்ஷைத்தான் உரசும், விளிம்பைத் தொடாது. அது துப்பாக்கிப் பாகம் இல்லை, துடைக்கிற சாமான், எந்த மெஷின் ஷாப்பிலும் கடையலாம். பேரல் முனையின் வெளிவிட்டத்தையும் உங்க ராடோட விட்டத்தையும் வெர்னியரில் ரெண்டு தடவை அளந்து இங்கே போடுங்க. படம் வரைஞ்சு தர்றேன்.